ஊதா மை

ஆடி பிறந்தால் எங்கள் ஆபீஸில் கூட்டமில்லை.
வங்கிக் கெடு கழுத்துவரை ஏறியவர்களும்
வீட்டுக்குச் சொல்லாமல் மாலை மாற்றியவர்களும்
மட்டும்தான் இந்த மாதத்தில் படியேறுவார்கள்.
நான் எப்சிபா. ஓட்டேரிச் சார்பதிவகத்தில்
பதினேழு வருஷமாக ஸ்டாம்ப் பேடுக்கு மை ஊற்றுகிறேன்.

இன்றைக்குப் பத்தே காலுக்கு சர்வர் படுத்துவிட்டது.
பத்திரம் எழுதும் தஸ்தகீர் பாய்
போனை எடுத்துத் தண்ணீர்க் கேனில் சாய்த்து வைத்தார்.
தில்லி. குதிரைகள். சிவப்புக் கம்பளம்.
புது ஜனாதிபதி
கட்டைவிரல் உயரத்தில் நடந்து வந்தார்.

"நம்ம பக்கத்து ஆளா?" என்றது டோக்கன் ஆறு.
யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.
"குதிரையெல்லாம் எப்பிடி வளத்திருக்கான் பாரு."
"உன் வரி, என் வரி. கொள்ளு தின்னு கொழுத்திருக்கு."
வில்லங்கச் சான்றுக்கு நின்ற அம்மாள் மட்டும்
கன்னத்தில் போட்டுக்கொண்டாள்,
குதிரைக்கா, ஆளுக்கா, தெரியாது.

கோதண்டபாணி சார், ரிட்டயர்டு சர்வேயர்,
இருந்த நாலு நாற்காலியில் ஒன்றில்
வீங்கிய முழங்காலை நீட்டியபடி
"ரப்பர் ஸ்டாம்ப்புப்பா" என்றார்.
"எங்க வெச்சு அமுக்குறானோ அங்க விழும்."
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் பாதி சிரித்தேன்.
அதற்குள் கையிலிருந்த சீல் கனத்தது.

ரப்பரைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் சார்.
ஹேமசுந்தரி மேடம் இருந்தபோது
ஏரிப் புறம்போக்கு ஒன்று பட்டா வேஷம் கட்டி வந்தது.
மேலிருந்து போன். அதற்கும் மேலிருந்து போன்.
மேடம் ஒன்றும் பேசவில்லை.
ஸ்டாம்ப்பை டிராயரில் வைத்துப் பூட்டி
சாவியை டிபன் பையில் போட்டுக்கொண்டார்.
பதினோரு நாள்.
பேடில் மை காய்ந்து தோலாய் உரிந்தது.
பன்னிரண்டாம் நாள் மாறுதல் உத்தரவு.
புதிதாக வந்தவர் "மை எங்கே?" என்றார்.
ஊற்றினேன்.
நான்தான் ஊற்றினேன்.

போனில் தேசிய கீதம்.
நாற்காலி கிடைக்காதவர்கள்
ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தோம்.
கோதண்டபாணி சார் மேசை விளிம்பைப் பிடித்து
ஒரு காலை ஊன்றி, மற்றதை இழுத்து, எழுந்தார்.
கடைசி வரி முடியும்வரை நின்றார்.
யாரும் கேட்கவில்லை.
"கால் மரத்துப் போச்சு" என்றார் அவராகவே.

அப்புறம் அங்கே வலது கை உயர்ந்தது.
உயர்ந்த இடத்திலேயே படம் நின்று
வட்டம் சுற்றியது.
எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்க
சர்வர் உயிர்த்து, உள்ளேயிருந்து குரல்:
"மாப்பிள்ளை யாருப்பா?"
கதவோரம், கதம்ப மாலையோடு, வியாசர்பாடிப் பையன்
பள்ளிக்கூடத்தில்போலக் கை தூக்கினான்.
சிரிப்பை அடக்க அந்தப் பெண் துப்பட்டாவைக் கடித்தாள்.

வட்டம் நின்றபோது உறுதிமொழி முடிந்திருந்தது.
பெரிய ஏடு ஒன்றைப் பிரித்து வைத்தார்கள்.
பேனா மூடியைத் திருகும் விரல்களை
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
மெலிந்த விரல்கள். லேசான நடுக்கம்.
ஐந்து வருஷம்.
அதில் ஒரு பதினோரு நாள்
அந்த மை காயுமா?

"அக்கா, சீல்."
குத்தினேன். கொஞ்சம் கோணல்,
ஆனால் எல்லா எழுத்தும் விழுந்தது.
பையன் குனிந்து வாயைக் குவித்தான்.
ஊதாதே தம்பி,
அது தானாகக் காயட்டும்.