எட்டாத எட்டு

ஸ்வான்சீயிலிருந்து கடிதம் வந்த அன்று
பெர்வின் மலையில் முள்கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன்.
கையுறையோடு பிரித்ததில்
உறையோடு கடிதமும் பாதி கிழிந்தது.
கிழியாத பாதியில் ஒரு கணக்கு:

வெட்டாத, ஒட்டாத சேஸிஸுக்கு ஐந்து.
கூடவே பிறந்த அச்சுகளுக்கு இரண்டு.
ஸ்பிரிங்குகளுக்கு இரண்டு, கியர்பாக்ஸுக்கு இரண்டு,
ஸ்டியரிங்குக்கு இரண்டு.
எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று.
இதயத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

எட்டு வந்தால் பழைய எண் நிலைக்கும்.
கம்பத்தில் சாய்ந்து விரல்விட்டு எண்ணினேன்.
எனக்கு நாலு.
எட்டு எட்டவில்லை.

வெட்டியது நான்தான், மறுக்கவில்லை.
நீள வண்டி ஓடைக்கரையில் வயிறு தட்டி
நாற்பது வேலிக்கம்பங்களோடு
அந்தரத்தில் சக்கரம் சுற்றிய மாலை
முடிவெடுத்தேன்: ஓர் அடி குறையட்டும்.
அச்சுகள், ஏலத்தில் எடுத்த
ராணுவ ஆம்புலன்ஸ் ஒன்றுடையவை.
எஞ்சின் ஒரு ரொட்டிக் கம்பெனி வேனுடையது.
இன்றைக்கும் விடியற்காலை நாலு மணிக்குத்தான்
ஒரே திருகலில் கிளம்புகிறது.

படிவத்தில் கேட்டிருந்தார்கள்: தயாரித்த ஆண்டு?
சேஸிஸுக்கு எண்பத்தாறு,
அச்சுகளுக்குத் தொண்ணூற்றொன்று,
எஞ்சினுக்கு இரண்டாயிரத்து மூன்று.
கூரை போன மாதம்.
விட்டிருந்த இடமோ நாலு கட்டம்.

தொலைபேசியில் நாற்பது நிமிடம் வீணை வாசித்தார்கள்.
பிறகு ஒரு பையன், சளிபிடித்த குரல்.
‘பழைய வண்டி எப்போது
பழைய வண்டியாக இல்லாமல் போனது, மேடம்?’
விளையாட்டாகக் கேட்கவில்லை;
அவன் திரையில் அதற்கும் ஒரு கட்டம் இருந்திருக்கும்.
சொன்னேன்: ‘வியாழக்கிழமை, மதியம் இரண்டேகால்.
ரம்பம் இரண்டாவது பக்கத்தையும் அறுத்து முடித்ததும்
இரண்டு துண்டுகளும் ஆளுக்கொரு திசையில் சாய்ந்தன.
டீ போடப் போய்விட்டேன்.’
தட்டச்சுச் சத்தம் கேட்டது.
டீயையும் சேர்த்தானா, தெரியாது.

சோதனை நாளில் ஆஷ்வொர்த் என்றொரு அதிகாரி.
பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார்,
என் வெல்டிங்கின் முன் குந்தி உட்கார்ந்து
வெகுநேரம் எதுவும் பேசவில்லை.
எழுந்து பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தார்,
பெரிய சாத்துக்குடி அளவு.
அதை வண்டியின் உடம்பெங்கும் உருட்டினார்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
பந்து தொடும் இடமெல்லாம் மழுங்கியிருக்க வேண்டுமாம்;
யார் மோதினாலும் கிழிக்கக் கூடாதாம்.
வின்ச்சைத் தாங்கும் தகட்டில் பந்து நின்றது.
‘இந்த விளிம்பு,’ என்றார்.
எனக்குத் தெரியும் அந்த விளிம்பை.
என் முழங்காலில் மூன்று இடத்தில்
கையெழுத்துப் போட்டிருக்கிறது.

‘அரம் வண்டியிலேயே இருக்கிறது, ஐந்து நிமிடம்’ என்றேன்.
‘மறுதேர்வு. இருபத்தொன்றாம் தேதி,’ என்றார்.

இருபத்தொன்றாம் தேதி
அந்தப் பந்து அங்கே வழுக்கிக்கொண்டு போனது.

வந்து சேர்ந்த எண் கியூவில் தொடங்குகிறது.
வயதும் வம்சமும் உறுதியில்லாத வண்டிகளுக்கு
அரசாங்கம் வைத்திருக்கும் எழுத்து.
‘மாதக்கணக்கில் கியூவில் நின்று
கியூவையே வாங்கிவந்தாயா, ஹெலெத்?’
டில்வின் பெட்ரோல் பங்க்கில் சிரித்தான்.
‘இனி பாதி விலைகூடப் போகாது.’
விற்கிறேன் என்று யார் சொன்னது.

இரண்டு துளை போட்டு, பலகையைத் திருகினேன்.
முழு வண்டியிலும்
ஒரே வருடத்தில் பிறந்த முழுப்பொருள் அது ஒன்றுதான்.
கொஞ்சம் அந்நியமாகத்தான் இருந்தது,
கல்யாண வீட்டில் ஆடிட்டர் மாதிரி.

மறுநாள் மழை. கம்பங்கள் ஏற்றிக்கொண்டு ஏறினோம்.
இரண்டாவது வேலிக்கதவைச் சாத்த இறங்கினால்
பலகையைக் காணோம், சேறு.
ஈரக் கையுறையால்
முதல் எழுத்தை மட்டும் துடைத்தேன்.
மீதி எண்ணை
யாராவது கேட்கும்போது துடைத்துக்கொள்ளலாம்.