வேற வாடை

முந்நூறு டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கிறது
சுண்டுவிரல் நகத்தளவு சில்லு.
மேலே துத்தநாக ஆக்சைடுக் குச்சிகள்,
ஒரு தலைமுடியை ஆயிரமாய்ப் பிளந்தால்
வருகிற கனத்தில்.
காட்பாடி வெயிலெல்லாம் அதற்குக் குளிர்.

காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து உட்கார்ந்து
குச்சிகளிடம் எலக்ட்ரான் கடன் வாங்கும்.
ஊதும் மூச்சில் அம்மோனியா இருந்தால்
கடன் திரும்பும், மின்தடை சரியும்,
திரையில் ஒரு கோடு படியிறங்கும்.
அவ்வளவுதான் எங்கள் சோதிடம்.

எத்திராஜ் கதவைத் திறந்தார்.
ஊதவே இல்லை,
கோடு இறங்கிவிட்டது.

ராணிப்பேட்டையில் தோல் ஷெட்டு,
சுண்ணாம்புத் தொட்டி, பத்தொன்பது வருஷம்.
"சட்டைதாம்மா" என்றார்
எதையோ திருடி மாட்டிக்கொண்டவர்போல.
வேறு சட்டை கொடுத்தோம். வாய் கொப்பளித்தார்.
கோடு பழைய இடத்துக்கு ஏறப்
பதினொரு நிமிஷம்.
ஊதினார். சரிந்தது.
"இன்னா சொல்லுது மிஷினு?"

தெரியவில்லை என்று சொல்வதற்கு
மூன்று வருஷம் படித்திருக்கிறேன்.
பத்து லட்சத்தில் ஐந்து பங்கு.
தொட்டியுடையதா, சிறுநீரகத்துடையதா?
வாயுவுக்கு விலாசம் கிடையாது.

ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை போய்
ஐந்து நாள் ஷெட்டுப் பக்கமே போகாமல்
மொட்டைத் தலையோடு வந்தார்.
கூடவே மனைவி கன்னியம்மா.
சந்தனத்துக்கும் கோடு கொஞ்சம் அசைந்தது,
அதைக் கழித்துவிட்டேன்.
ஊதினார்.
அதே படிகள்.

ரத்தம் எடுக்கச் சீட்டு வாங்க
டாக்டருக்குப் போன் போட்டேன்.
கன்னியம்மா திரையைப் பார்க்கவேயில்லை.
"மாசிலேர்ந்தே வேற வாடைம்மா.
தோலு வாடை எனக்குத் தெரியாதா,
கல்யாணம் ஆன நாளா
அதுலதான படுக்கறேன்.
இது உள்ளேர்ந்து வருது.
சொன்னா மனசு கஷ்டப்படுவாருன்னு
செவுரு பக்கமா திரும்பிப் படுத்துக்குவேன்."

எத்திராஜ் மனைவி பக்கம் திரும்பினார்.
உடனே வாயை மூடிக்கொண்டார்,
மூச்சுப் பட்டுவிடுமோ என்று.

தேதி, ஈரப்பதம், சில்லு எண் எழுதினேன்.
மாசிக்கும் ஆடிக்கும் நடுவே ஐந்து மாதம்,
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

கோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.
வெளியே அடுத்தவர், ஆம்பூர்க்காரர்,
வெறும் வயிற்றில் வரச் சொல்லியும்
வெங்காயப் பச்சடி ஏப்பத்தோடு
உட்கார்ந்திருக்கிறார்.