நீலச் செவுள்

அறை தேடியபோது நான் கேட்டது ஒன்றுதான்:
சத்தம் இருக்குமா?
இருக்கக் கூடாதென்று கேட்கிறேன் என நினைத்து
மஞ்சக்குப்பத்தில் நாலு பேர் பொய் சொன்னார்கள்.
முதுநகரில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி,
கலியபெருமாள் மட்டும் உள்ளதைச் சொன்னார்:
"ராத்திரி மூணு மணிக்குக் கட்டி ஒடைப்பாங்க.
தூங்க முடியாதும்மா."
அன்றே முன்பணம் கொடுத்தேன்.

என் இயந்திரம் மூச்சு விட்டால்
தெருவே எழுந்து உட்காரும்.
மூடிய வங்கிக் கிளையொன்றின் பழைய சர்வர்,
எடைக்குப் போட்டதை எடைக்கே வாங்கினேன்,
முப்பத்தெட்டுக் கிலோ.
ஊரிலுள்ள மற்றக் கணினிகள்
எண்ணின் வாலை முதலில் அடுக்கும்.
இது தலையை.
பெட்டியில் மீன் அடுக்கும் வழக்கம் மாதிரி, அவ்வளவுதான்,
இரண்டிலும் மீன் அதே மீன்.
இருட்டில் கைவிட்டு எடுப்பவனுக்குத்தான்
தலையென்று பிடித்தது வால்.

இருட்டில் கைவிடுவதற்கென்றே இருக்கிறது
கிராபிக்ஸ் டிரைவர்.

பதினோரு இரவாக
ஒரு சிவப்பு முக்கோணம் கேட்கிறேன்.
மயில்கழுத்தில் தருகிறது.
பச்சை கேட்டால் வாடாமல்லி.
கறுப்பு கேட்டால் நீலம்.
வெள்ளை மட்டும் வெள்ளை, நீலம் மட்டும் நீலம்.
இந்த இரண்டு சாட்சிகளை மட்டும் விசாரித்து
ஏழு வருடத்துக்கு முன் எவரோ
'சரியாக இருக்கிறது' என்று
பெயரில்லாமல் எழுதிவைத்துப் போயிருக்கிறார்.
நீலத் திரையில் வெள்ளை எழுத்து.
அவர் கண்ணில் குற்றமே இல்லை.

போன் சார்ஜ் போட மேலே வந்தான் ஹபீபு,
கீழே கட்டி உடைப்பவன்.
சோதனைக்கு நான் வைத்திருந்த படம்
துறைமுகத்தில் எடுத்த சங்கரா.
செவுளைத் தூக்கிப் பிடித்திருக்கும் கை
அவனுடையதுதான்.
திரையில் செவுள் வானநீலம்.
"இத எவன்க்கா வாங்குவான்?
எத்தன நாளு ஐஸ்ல கெடந்துச்சு?"

ஏழு வருசம், என்றேன்.

நேற்று காற்று திரும்பி
சிப்காட் வாசனை ஜன்னலுக்குள் வந்த நேரம்
கண்டுபிடித்தேன்.
நினைவகத்திலிருந்து எடுக்கும்போது ஒருவர் புரட்டியிருந்தார்.
சில்லுக்குக் கொடுக்கும்போது இன்னொருவர்.
ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வீடு சேரும்
இரண்டு குடிகாரர்கள் மாதிரி
இரு புரட்டும் நிமிர்ந்து நின்றிருக்கின்றன, பல காலம்.
பிறகு யாரோ சுத்தக்காரி
ஒன்றைத் தேவையற்றதென்று நீக்கியிருக்கிறாள்.

இருக்கும் வரிக்குப் பக்கத்தில் பெயர் இருக்கும்.
இல்லாத வரியின் பெயரைத்
தோண்டித்தான் எடுக்கவேண்டும்.
தோண்டினேன்.
தலைப்பெழுத்தோடு என் பெயர்.
கல்லூரிக் கடைசி வருடம், விடுதி மடிக்கணினி,
மூன்று வரி குறைத்துவிட்ட பெருமையில்
அன்று நண்பர்களுக்கு பரோட்டா வாங்கித் தந்தது
நன்றாக நினைவிருக்கிறது. வரிகள் நினைவில்லை.

தாளில் 'கெளுத்தி' என்று எழுதிப் பார்த்தேன்.
கை கொம்பை முதலில் போடுகிறது,
நாக்கு ககரத்தைத் தாண்டித்தான் அதைத் தொடுகிறது.
ஒன்றாம் வகுப்பில் இதை யாரும் பிழையென்று சொன்னதில்லை.
கைக்கும் வாய்க்கும் நடுவே எங்கோ
ஒருமுறை, ஒரே ஒருமுறை
புரட்டிக்கொள்கிறோம்.

எங்கே என்று முடிவு செய்யத்தான்
விடிய விடிய ஆனது.
நீக்கியதைத் திருப்பி வைக்கவில்லை.
விழுந்து கிடந்த மற்றவனையும் அப்புறப்படுத்தி
வாசலில் ஒரே ஒரு புரட்டு வைத்தேன்.
தொகுக்க நாற்பது நிமிடம்.
நடுவில் ஒருமுறை மின்சாரம் போனது,
மறுபடி நாற்பது.

கீழே கட்டி உடையத் தொடங்கியபோது
திரையில் சிவப்பு.
இந்த வகை இயந்திரம்
உலகில் இன்னும் எத்தனை மூச்சுவிடுகிறதோ தெரியாது.
செவுளைப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
அன்று காலை பிடித்த மீன்.

சுட்டியின் அம்பு மட்டும்
உடம்பில்லாமல், வெறும் வெள்ளை விளிம்பாக
அதன்மேல் ஊர்ந்துகொண்டிருக்கிறது.
அது வேறு கோப்பு.
யார் எழுதியதென்று
இன்னும் பார்க்கவில்லை.