நாலரை மணி

குரியோங்போ துறைமுகத்தில்
கணவாய் மீன் கிழிக்கும் கை என்னுடையது.
ஒரு டிசம்பரில் பிரார்த்தனை மலைக்குப் போனேன்.
மூன்று நாள் பட்டினி.
நானூறு பேர் ஒரே மூச்சில் ஆண்டவரைக் கூப்பிட
கூரைத் தகரம் நடுங்கியது.
என் நாக்கு
எனக்குத் தெரியாத பாஷைக்குள் போய்
திரும்பி வர மனமில்லாமல் நின்றது.
கண்ணும் மூக்கும் ஒன்றாய் ஒழுக
பக்கத்துப் பாயில் கிடந்தவளின்
சாக்ஸைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.
யாரென்றே தெரியாது.
உள்ளே ஒரு அடுப்பு.
சத்தியமாய், ஒரு அடுப்பு.

இறங்கி வந்த ஐந்தாம் நாள்
மைப்பை வெடித்து முகத்தில் அடித்தபோது
வாயில் பழைய வசவே வந்தது.
அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

மல்சுன் அழமாட்டாள்.
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
பதினேழு வருடமாய்
விடியல் நாலரைக்குச் சபைக் கதவைத் தள்ளுகிறாள்.
ஷூவை வாசல் பார்க்கத் திருப்பி வைப்பாள்.
மூன்றாம் வரிசை, ஹீட்டர் எட்டாத இடம்.
உதடு அசையும். சில நாள் தூங்கி விழுவாள்.
ஒருமுறை குறட்டையும் கேட்டதுண்டு.
அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்று
அவளைச் சீண்டினேன்.
'அழாத பிள்ளைக்குப் பசியில்லை என்று
யார் சொன்னது?' என்றாள்
குடையை உதறியபடி.

அடுத்த டிசம்பரும் மலை.
தொண்டை கிழியக் கத்தினேன்.
பற்றவில்லை.
யாரோ ஒருத்தி என் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
அவளுக்குப் பற்றியிருந்தது.
காலை இழுத்துக்கொள்ளாமல் கிடந்தேன்,
விடியும்வரை.

பிறகு நானும் நாலரைக்குப் போகிறேன்.
பக்தி என்று சொல்லமாட்டேன்.
அலாரம், சில்லிட்ட ஸ்வெட்டர், வழுக்கும் படி.
எண்பது நாள்வரை எண்ணினேன்,
அப்புறம் எண்ணிக்கை தவறிவிட்டது.
எதுவும் நடக்கவில்லை.
எதுவும் நடக்காததற்குக்
காது கொஞ்சம் பழகியது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
சாவில்லை, புயலில்லை,
போன படகெல்லாம் திரும்பியிருந்தது.
எந்தக் கோத்திரத்தில் எத்தனை பேர் என்று
போதகர் வறட்டுக் குரலில் வாசித்துக்கொண்டிருந்தார்.
அந்த எண்களுக்கு நடுவே
மல்சுன் அழுதாள்.
சாக்குக்குள் ஐஸ் உருகுவதுபோல,
சத்தமே இல்லை.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
பிறகு கேட்கவுமில்லை.
மூக்கைச் சிந்திக்கொண்டு
ஐந்தேகாலுக்கு, எப்போதும்போல், எழுந்தாள்.

வாசலில் அவள் ஷூவும்
என் ரப்பர் பூட்ஸும்
கடலைப் பார்த்துத் திரும்பி நின்றன.
என்னுடையதைத் திருப்பி வைக்க
எந்த நாளில் ஆரம்பித்தேன்,
ஞாபகமில்லை.