சந்தேகத்தின் பலன்

கிட்டென்ஸ் மறுபடியும் பொத்தானை அழுத்துகிறார்.
ஒளி எதுவும் எரியவில்லை.

வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தைக் கொடுத்து,
வலக்கண்ணில் ஒட்டுடன் உட்கார்ந்திருக்கிறார்.
ஒட்டு ஒரு மரியாதைக்குத்தான்.
அந்தக் கண் போன வருஷமே ஆட்டமிழந்துவிட்டது.

முப்பத்தோரு வருஷம் நடுவர்.
ஸ்பைட்ஸ்டவுன் மைதானத்தில்
என் அண்ணன் தொண்ணூற்றெட்டில் நிற்கையில்
விரலைத் தூக்கியவர்.
பந்து மட்டையை உரசியது
அவர்கள் இருவருக்கு மட்டுமே கேட்டது.
அண்ணன் இன்றுவரை அவரைத் திட்டியதில்லை.

கோப்பில் என் கையெழுத்து:
வயது எழுபத்து மூன்று.
அப்பாவுக்கும் இதே நோய்,
கரும்புக் காட்டில் வண்டிச் சக்கரம் தெரியாமல் போனபோதுதான்
வீட்டுக்குத் தெரிந்தது.
கண்ணழுத்தம் காலையில் பதினேழு, மாலையில் இருபத்தாறு.
ரத்த அழுத்த மாத்திரையைப் படுக்கும்போது விழுங்குகிறார்;
நடுநிசியில் ரத்தம் தாழ,
ஏற்கெனவே மெலிந்த நரம்பு பட்டினி கிடக்கிறதோ என்னவோ.
சொட்டு மருந்து?
விடுவதும் விட்டுவிடுவதும்
மாதக் கடைசியில் அவருக்கு ஒன்றாகிவிடுகிறது.

இடக்கண்ணில் மிச்சம்
நடுவே ஒரு நாணயம் அளவு.
அதற்குள் மூன்று ஸ்டம்புகளும் அடங்கும், அதுதான் ஆபத்து.
கறுப்பாக ஒன்றும் தெரியாது அவருக்கு,
ஆட்கள் இல்லாமல் போவார்கள், அவ்வளவே.
"எட்டுப் பேரோடா ஆட வந்தாய்?" என்று
ஒரு கேப்டனைக் கேட்டாராம்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அடுத்த ஞாயிறு அவர் கோட்டுப் போடவில்லை.

கத்தி வைத்தால்
அந்த நாணயமும் தொலையலாம், அபூர்வமாக,
என்று டாக்டர் இன்னிஸ் மறைக்காமல் சொல்லிவிட்டார்.
வைக்காவிட்டால் தேயும்.
இன்றைய தாளைப் பார்த்துத்தான் முடிவு.

மறுபடி ஒரு அழுத்தல்.
இயந்திரம் வேண்டுமென்றே இருட்டாக விட்ட நொடி அது.
இப்படியே போனால் தாளில்
தோட்டம் போலப் பச்சைப்பொய் விளையும்,
தேதி தள்ளிப்போகும்.

நிறுத்தினேன்.
"மிஸ்டர் கிட்டென்ஸ், அங்கே வெளிச்சம் இல்லை."

முகத்தை எடுக்கவில்லை.
குளிரூட்டி மட்டும் இரைந்தது.
பிறகு, கிண்ணத்துக்குள்ளிருந்தே,
"உன் அண்ணன் எப்படி இருக்கிறான், மார்வா?"
"முட்டி வலி. ஆடுவதில்லை."
"ம்."
தாடையை மேடையில் சரியாகப் பொருத்திக்கொண்டார்.
"முதலிலிருந்து போடு."

போட்டேன்.
என் திரையில் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன,
மேலே, கீழே, ஓரத்தில்.
பொத்தான் சத்தத்துக்காகக்
காத்திருந்தேன்,
காத்திருந்தேன்.