உரிமையாளர் பெயர்

பெண் பேரில் எடுத்தால்
வட்டி கொஞ்சம் குறையுமென்றார்கள் வங்கியில்.
அப்படித்தான் என் பேருக்கு வந்தது
அந்த வெள்ளைக் கார்.
க்ளட்ச் எது பிரேக் எது
இன்றுவரை எனக்குப் பிடிபடாது.
சக்கரத்தடியில் வைக்க
எலுமிச்சம்பழம் நாலு வாங்கியதோடு சரி.

ஊமச்சிகுளம் ஸ்டேஷனில்
ரைட்டர் நிமிராமலே கேட்டார்:
'வண்டி யாரோடது?'
வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.
இருபது வருஷத்தில்
ஒரு கேள்விக்கு என்னை முந்தவிட்டது
அன்றைக்குத்தான்.

மகனுக்குப் பதினாறு முடிந்து நாலு மாசம்.
இளைஞர் நீதிக் குழுமத்துக்குக் கொண்டுபோனார்கள்.
வெளியே போகும் எந்தத் தாளிலும்
அவன் பெயர் வராதாம்.
என் பெயர் வந்தது,
புருஷன் பெயர், கதவு எண், வயதோடு.

இறந்தவர் பெயரும் வந்தது.
சோணைராசு.
மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குகிறவர்.
டிவிஎஸ் ஐம்பதில் தொங்கிய தூக்குவாளி திறந்து
பழைய சோறு ரோட்டில் கிடந்ததை
மகஜரில் எழுதவில்லை.
பின் சீட்டில் இருந்த என் தங்கச்சி சொன்னாள்,
ஒரே ஒரு தடவை.

வக்கீல் தவமணி
புத்தகத்தை மூடிவைத்துப் பேசினார்.
'மூணு வருஷம் வரைக்கும் போடலாம்.
இன்சூரன்ஸ்காரன் கட்டிட்டு
உங்ககிட்டயே வசூலிப்பான்.
ஒரு வழிதான் இருக்கு.
உங்களுக்குத் தெரியாம எடுத்தான்னு காட்டணும்.
தெரியாது. ஒத்தை வார்த்தை.
எங்கே, சொல்லிப் பாருங்க.'

சொன்னேன்.
'இன்னும் கொஞ்சம் சத்தமா.'

நாலு மணிக்கு அவனை உலுக்கி எழுப்பியது நான்.
சித்தி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள்,
அப்பா அசந்து தூங்குகிறார், போய்ட்டு வா ராசா.
சாவியை ஆணியிலிருந்து எடுத்தது
இந்தக் கை.
பனியாயிருக்கு, ஸ்வெட்டர் போடு என்றேன்.
பார்த்துப் போ என்றும் சொன்னேன்,
வாய்ப் பழக்கத்தில்.

நஷ்டஈட்டுக் கோர்ட் வராந்தாவில்
பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள் ஒருத்தி.
மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.
'கண்ணாடிய வச்சுட்டு வந்துட்டேன்.
எதிராளி பேரு என்னன்னு வாசிங்க.'

மேலே மனுதாரர்: ஒச்சம்மாள்,
க/பெ சோணைராசு (லேட்).
கீழே முதல் எதிர்மனுதாரர்.
எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி
வாசித்தேன்:
அங் கயற் கண்ணி.

'ஆத்தா பேரு' என்றாள்.
'மீன் கண்ணு. மூடாத கண்ணு.'
அப்புறம் கொஞ்ச நேரம்
வேப்பமரத்து அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
'இந்தப் பொம்பளைய ஒங்களுக்குத் தெரியுமா?'

ஒரு வாரமாய்ப் பழகிய வார்த்தை
நாக்கு நுனியில் தயாராய் இருந்தது.

தெரியும் என்றேன்.

அதற்குள் டபேதார் கூப்பிட்டுவிட்டார்,
கடைசி எழுத்தை இழுத்து, மூன்று தடவை.
எழுந்தேன்.
அவள் தாள்
என் கையோடு வந்துவிட்டது.