நிஷாந்திக்கு, பெடலோடு சேர்த்து

வர்க்கி டப்பாவில் வைத்து
கோத்தகிரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தாய்.
திருகுத் துளைகளில் எல்லாம் வர்க்கித் தூள்.
ஊசியால் எடுத்தேன். அதற்குக் காசில்லை.

உன் துண்டுச் சீட்டு சொன்னது:
அணைத்தாலும் அணையவில்லை அண்ணா.
மிதித்தால் டப் என்கிறது.
மண்டபத்தில் மைக்செட்காரர் என்னையே முறைக்கிறார்.

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன்.
யாரும் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்,
தூரத்திலிருந்து வருவது, எதிர்த்துப் பேசாது.
ஒரே அடாப்டரில் நான்கு பெடலைக் கோத்திருக்கிறாய்,
ஒன்று பேசுவதை மற்றது ஒட்டுக்கேட்கும்.
பிடுங்கிவிட்டு ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டேன்.
பாதி இரைச்சல் எழுந்து போனது.
மீதிப் பாதி
சாப்பிட்டும் கிளம்பாத விருந்தாளி மாதிரி
உட்கார்ந்தே இருந்தது.

கிதாரோடு நாற்காலியைத் திருப்பினேன்.
டியூப்லைட்டுக்கு முதுகு காட்டினால் கொஞ்சம் அடங்குகிறது.
சிம்ஸ் பார்க் பக்கம் பார்த்தால் இன்னும் கொஞ்சம்.
(நீயும் மேடையில் திரும்பிப் பார்,
மாப்பிள்ளை வீட்டார் தப்பாக நினைக்காத அளவுக்கு.)

செவ்வாய் ராத்திரிக் காற்றில்
பெட்ஃபோர்டுக்கு மேலே ஒரு சில்வர் ஓக்
கம்பி மேல் சாய்ந்தது. குன்னூரே அணைந்தது.
என் ஃப்ரிட்ஜ், தெருவிளக்கின் சோக்,
பள்ளத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் விசிறிகள்
எல்லாம் ஒரே மூச்சில் நின்றன.
இத்தனை வருஷம் அமைதி என்று
எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று
அப்போதுதான் தெரிந்தது.

மெழுகுவர்த்தி. பேட்டரி ஆம்ப். உன் பெடல்.
சுவிட்சை மிதித்தேன். சிவப்பு விளக்கு போனது.
அந்தக் கீச்சு போகவில்லை,
சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கொசு மாதிரி.
கரண்ட் இல்லை. ஊர் இல்லை.
பழி போட ஒருவர் பாக்கியில்லை.

நான்கு திருகு. மூடியைக் கழற்றினேன்.

சுவிட்சுக்கு ஒன்பது கால்கள்.
அணைக்கும்போது
கிதாரின் ஒலியை வெளிவழியே அனுப்பினால் மட்டும் போதாது,
உள்ளே இருக்கும் சர்க்யூட்டின் காதைப் பிடித்து
எர்த்தோடு கட்டிவிட வேண்டும்.
இல்லையென்றால் அது தனியாகப் பேசிக்கொண்டிருக்கும்,
பேச்சு கசியும்.
கட்டவேண்டிய அந்தக் கம்பி இல்லை.
இரண்டு காலுக்கு நடுவே
ஒரு நெல் நீளம், அவ்வளவுதான்.

எந்த மடையன் மாட்டிய சுவிட்ச் இது என்று
வாய்விட்டே கேட்டேன்.
மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுபோனேன்.

நீலமும் வெள்ளையும் முறுக்கிய டெலிபோன் ஒயர்.
ஒரு மழைக்காலத்தில் அறுந்து விழுந்த லைனை
நான் சுருட்டிவைத்தது, இன்னும் தீரவில்லை.
ஈயப் பொட்டுகள் கொஞ்சம் பெரிசு,
எதற்கும் இருக்கட்டும் என்கிற பெரிசு.
மூடியின் உட்பக்கம் மார்க்கரில்
என் இனிஷியல், ஒரு தேதி.
ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி.
அப்போது இது டெரிக்கிடம் இருந்தது.

டெரிக் மூன்று தடவை வந்தான்.
மூன்று தடவையும்
உன் வீட்டில் எர்த் சரியில்லை என்று அனுப்பிவைத்தேன்.
வெலிங்டனில் வாடகை வீடு அது.
ஆள் வைத்துப் பாறையில் குழி வெட்டி
கரியும் உப்பும் கொட்டிவிட்டு வந்து சொன்னான்,
இன்னும் கத்துகிறது என்று.
என் முகத்தில் என்ன பார்த்தானோ, நான்காவது தடவை வரவில்லை.
கிதாரையும் சேர்த்து விற்றதாகக் கேள்வி.

கம்பி போட்டாயிற்று.
டப் சத்தத்துக்கு இரண்டு ரெசிஸ்டர், ஆளுக்கு ஒரு மெகா ஓம்.
கெப்பாசிட்டர் வாயில் அடக்கிவைத்திருப்பதை
மெல்ல மெல்ல வடியவிடும்,
மிதித்ததும் துப்பாது.
ஜாக்கில் பனி ஏறிப் பச்சை பிடித்திருந்தது, தேய்த்தேன்.
டிலே பெடலுக்குத் தனி அடாப்டர் வாங்கு.

கூலி வேண்டாம்.
டெரிக் நம்பர் உன்னிடம் இருந்தால்
இந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதி அனுப்பு.
என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

வெலிங்டனில் அந்த வீட்டுக்கு மட்டும்
அருமையான எர்த்.